ரீபோர் இல்லாத என்ஜின்

என்ஜினைப் பிரித்து, ஹவுசிங்கைக் கழுவி, உள்பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டேன். கோயம்புத்தூரிலிருந்து மாமா உடனே கூப்பிட்டார். கணபதியில் லேத்தும் பட்டறையுமாக ஆயுசு முழுக்க என்ஜின் வேலை பார்த்தவர்.

"என்றா மாப்ள, சிலிண்டரு கோணலா இருக்குது, குறுக்க குறுக்க கோடு வேற விழுந்திருக்குது? ரீபோர் பண்ணி ஓவர்சைஸ் போட்டர வேண்டியதுதான?"

"இதுல ரீபோரே கிடையாதுங்க மாமா. வட்டமா இருந்தாத்தானுங்க போர் பண்ண முடியும்."

"அப்பறம் தேஞ்சு போனா என்னடா பண்றது?"

"தேஞ்சா அந்தப் பாகத்தையே மாத்தோணுங்க."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எது தேஞ்சிருக்குது, எது தேயலைன்னு பாக்கறதுதான் முக்காவாசி வேலையே" என்றார்.

ரோட்டரி என்ஜினைப் பார்த்தே இராத ஒருவர் ஒரே படத்தை வைத்துச் சொன்ன இந்த வார்த்தை, நான் படித்த பல வழிகாட்டிகளைவிடச் சரியாக இருந்தது. எல்லோரும் பூட்டுகிற வேலையைப் பற்றியே பேசுகிறார்கள். எத்தனை நியூட்டன் மீட்டருக்கு முறுக்க வேண்டும், எந்த போல்ட்டை முதலில் போட வேண்டும் என்பதெல்லாம் மேனுவலில் வரிசையாக இருக்கிறது, அதைப் பார்த்துச் செய்துவிடலாம். மேஜைமேல் பரப்பி வைத்த பாகங்களில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதுதான் கஷ்டம். இந்தப் பதிவு அதைப் பற்றியது.

வண்டி மாஸ்டா ஆர்எக்ஸ்-7, இரண்டாம் தலைமுறை. என்ஜின் 13பி: இரண்டு ரோட்டார், அறைக்கு 654 சிசி. நான் குடியிருப்பது நெக்கர்சுல்மில். ஸ்டுட்கார்ட்டுக்கு வடக்கே நெக்கர் ஆற்றங்கரையில் இருக்கிற இந்தச் சின்ன ஊரில்தான், அப்போது என்எஸ்யூ ஆலையாக இருந்து இப்போது ஆடி ஆலையாக இருக்கிற இடத்தில்தான், உலகின் முதல் வாங்கெல் (அதாவது ரோட்டரி) என்ஜின் 1957 பிப்ரவரி 1 அன்று சோதனை மேடையில் ஓடியது. ஜப்பான் என்ஜினை நான் பிரித்தது அதன் பிறந்த ஊரிலேயேதான். சொந்தமாக கராஜ் கிடையாது. இங்கே மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து லிஃப்டையும் கருவிகளையும் பயன்படுத்திக்கொள்ளும் பட்டறைகள் உண்டு. அப்படி ஓர் இடத்தில்தான் என்ஜினை இறக்கினேன். பழைய ஆயிலை எங்கே கொட்டுவது என்ற தொல்லையும் இல்லை. ஆயில் விற்ற கடை, விற்ற அளவுக்குப் பழைய ஆயிலைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது இங்கே சட்டம்.

இந்த என்ஜினுக்குள் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. இடுப்புச் சிறுத்த நீள்வட்ட வடிவில் ஒரு கூடு, அதுதான் ரோட்டார் ஹவுசிங். அதற்குள் முக்கோண ரோட்டார் சுற்றுகிறது. ரோட்டார் ஒரு சுற்று முடிப்பதற்குள் நடுவிலுள்ள எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் மூன்று சுற்றுச் சுற்றிவிடும். முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் ஆளுக்கொரு ஏபெக்ஸ் சீல். 13பி-யில் அதன் நீளம் ஏறக்குறைய 80 மி.மீ., தடிமன் 2 மி.மீ. பிஸ்டன் ரிங் செய்யும் வேலையை இந்தப் பட்டைதான் செய்கிறது. ஆனால் ரிங் மேலும் கீழும் போய்வருகிறது, இரு முனையிலும் நின்று திரும்புகிறது. ஏபெக்ஸ் சீல் நிற்பதே இல்லை. கூட்டின் சுவரை உரசிக்கொண்டே, சாய்கோணம் மாறிக்கொண்டே, ஒரே பக்கமாக ஓடுகிறது.

இன்னொன்றும் உண்டு, சேதத்தைப் படிக்க அதுதான் திறவுகோல். சாதாரண என்ஜினில் காற்றை உள்ளிழுப்பது, அழுத்துவது, வெடிப்பது, புகையைத் தள்ளுவது எல்லாம் ஒரே சிலிண்டருக்குள் மாறி மாறி நடக்கும். சூடான இடம் அடுத்த நிமிஷம் குளிர்ந்த காற்றைப் பார்க்கும். ரோட்டரியில் அப்படி இல்லை. கூட்டின் ஒரு பக்கம் எப்போதும் குளிர்ந்த கலவையையே பார்க்கிறது, ஸ்பார்க் பிளக் இருக்கும் பக்கம் எப்போதும் நெருப்பையே பார்க்கிறது. ஒரே அலுமினிய வார்ப்பு, பாதி சூடு, பாதி குளிர். அதனால் சேதம் எங்கும் சமமாகப் பரவாது. பிளக் துளைகளைச் சுற்றியும், அங்கிருந்து புகைவாய் வரைக்கும்தான் முதலில் தேட வேண்டும்.

அங்கேதான் இருந்தது. என் பின்பக்க ஹவுசிங்கில், பிளக் துளைக்குக் கீழே, ஓரத்தில், குரோம் செதில் செதிலாகக் கிளம்பியிருந்தது. அலுமினியக் கூட்டின் உள்ளே ஓர் எஃகுத் தகடு, அதன்மேல் மெல்லிய கடினக் குரோம் பூச்சு. இதுதான் மாஸ்டாவின் அமைப்பு. சீல் உரசுவது அந்தக் குரோமின் மேல். அது உரிந்தால் அந்தக் கூட்டை லேத்தில் ஏற்றிச் சரிசெய்ய வழியில்லை. வளைவு வட்டமல்ல. பெரிதாக்கினால் அதற்குப் பொருந்த ஓவர்சைஸ் ரோட்டார் என்று எதுவும் கிடையாது. ஊரில் கேடிஎம் 390 டியூக் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேதனை கொஞ்சம் புரியும். அதன் சிலிண்டரும் பூச்சு போட்டது, ரீபோர் பண்ண மாட்டார்கள்.

அந்தப் பூச்சுக்கும் இந்த ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. நிக்கலுக்குள் சிலிக்கன் கார்பைடு துகள்களைச் சேர்த்துப் பூசும் நிக்காசில் முறையை ஸ்டுட்கார்ட்டின் மாலே நிறுவனம் 1967-ல் கொண்டுவந்தது என்எஸ்யூவின் ரோட்டரி என்ஜினுக்காகத்தான். சீல் கூட்டைக் கீறுகிறது, கூடு சீலைத் தின்கிறது என்ற பிரச்சினைக்கு விடையாக வந்தது அது. பிறகு போர்ஷே 917 பந்தயக் காருக்குப் போனது, 911-க்குப் போனது, இன்றைக்குக் கோயம்புத்தூர் தெருவில் ஓடும் டியூக்கிலும் இருக்கிறது. வாங்கெல் என்ஜின் உலகத்தை வெல்லவில்லை, அதன் தேய்மானத்துக்காகக் கண்டுபிடித்த மருந்து வென்றுவிட்டது.

முன்பக்க ஹவுசிங்கில் குரோம் உரியவில்லை. ஆனால் மாமா படத்தில் பார்த்த அந்தக் குறுக்குக் கோடுகள் அதில் இருந்தன. ஜெர்மனியில் இதை ராட்டர்மார்க்கன் என்கிறார்கள், ஜப்பானில் பிசாசின் நகக்கீறல். ஏபெக்ஸ் சீல் சுவரோடு சீராக உரசாமல், அதிர்ந்து துள்ளித் துள்ளி இறங்கினால் விழும் அலை அலையான தடம். மாஸ்டா 1961-ல் என்எஸ்யூவிடம் உரிமம் வாங்கி ஹிரோஷிமாவில் செய்த முதல் என்ஜின்களை வீணாக்கியது இதுதான். 1963-ல் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் நாற்பத்தேழு பொறியாளர்கள் இதற்காகவே உட்கார்ந்தார்கள். மாடு, குதிரை எலும்புகள் வரை சீலுக்குப் பயன்படுமா என்று பார்த்ததாக மாஸ்டாவின் வரலாறு சொல்கிறது. கடைசியில் பிடிபட்டது சீலின் இயல்பான அதிர்வெண். சீலுக்குள் குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டு அந்த அதிர்வெண்ணை மாற்றியதும் கீறல் நின்றது. விற்பனைக்கு வந்த காரில், அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல் போட்டார்கள். அதுதான் 1967 மே மாதம் வந்த காஸ்மோ ஸ்போர்ட். அடுத்த ஆண்டே இரண்டு காஸ்மோக்களை ஜெர்மனிக்குக் கொண்டுவந்து, நூர்பர்க்ரிங்கில் 84 மணி நேரம் ஓடும் மராத்தான் பந்தயத்தில் இறக்கினார்கள். ஒன்று பின் அச்சு உடைந்து 82-ஆம் மணி நேரத்தில் வெளியேறியது. மற்றது நான்காவதாக முடித்தது. உரிமம் வாங்கியவன் உரிமம் கொடுத்தவனின் நாட்டிலேயே வந்து, என் சீல் தாங்கும் என்று காட்டிவிட்டுப் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

என் என்ஜினுக்குத் திரும்பினால், கோடு தெரிகிறது என்பதாலேயே முன் ஹவுசிங்கைக் கழிக்கக் கூடாது என்று முடிவுசெய்தேன். நகத்தால் தடவிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிகிறது, நகத்துக்கு மாட்டவில்லை. குரோம் முழுசாக இருக்கிறது. அடுத்து அகலம். சூட்டில் கூடு ஓரிடத்தில் அமுங்கியிருக்கலாம், அதனால் நான்கு இடங்களில் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். வேறுபாடு 0.06 மி.மீ.-ஐத் தாண்டினால் கூடு போச்சு. தாண்டவில்லை. அதை வைத்துக்கொண்டேன். பின் ஹவுசிங்கை வைத்துக்கொள்ள முடியாது. உரிந்த குரோம் ஓரம் புது சீலைச் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே சுரண்டிவிடும்.

ஏபெக்ஸ் சீல்களைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், இதே ஊர்க்காரியான ரோ 80-ஐப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1967 இலையுதிர் காலத்தில் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் என்எஸ்யூ அந்தக் காரை வைத்தபோது, இன்னொரு நூற்றாண்டிலிருந்து வந்ததுபோல் இருந்திருக்கும். கிளாவுஸ் லூத்தே வரைந்த உடல். இரட்டை ரோட்டார், 115 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். 1968-இன் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பட்டம் பெற்ற முதல் ஜெர்மன் கார் அதுதான். இங்கே அருங்காட்சியகத்தில் நிற்கிற ஒன்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறேன், அறுபதுகளின் கார் என்று நம்ப முடியாது.

அதைக் கவிழ்த்தது சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத ஒரு பட்டை. ரோ 80-இன் ஏபெக்ஸ் சீல் மூன்று துண்டுகளால் ஆனது, மூன்றும் ஒரே உலோகம். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போது நடுத்துண்டு மற்ற இரண்டையும்விட வேகமாகத் தேய்ந்தது. நடுத்துண்டு சிறுத்ததும் ஓரத் துண்டுகள் ஆட ஆரம்பித்தன, எரிந்த வாயு அவற்றைத் தாண்டிக் கசிந்தது. 50,000 கிலோமீட்டரைத் தாண்டுவதற்குள் பல வண்டிகளுக்கு என்ஜினைப் பிரிக்க வேண்டிவந்தது. நடுத்துண்டை மட்டும் ஃபெர்ரோடிக் என்ற கடினமான பொருளில் செய்ததும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. தீர்வு அவ்வளவு சின்னது. ஆனால் அதற்குள் என்எஸ்யூ வாரன்டியில் என்ஜின் என்ஜினாக மாற்றிக் கொடுத்துக் களைத்துவிட்டது. 1969-ல் வோல்க்ஸ்வாகனின் குடைக்குள் ஆடியோடு இணைக்கப்பட்டது. 1977-ல் ரோ 80 நின்றபோது பத்து ஆண்டுகளில் மொத்தமாக 37,000-ஐச் சற்றுத் தாண்டிய எண்ணிக்கைதான் விற்றிருந்தது.

எதிரெதிரே வரும் ரோ 80 ஓட்டுநர்கள் கையசைக்கும்போது இது எத்தனையாவது என்ஜின் என்று விரல்களால் காட்டிக்கொள்வார்கள் என்று ஒரு கதை இங்கே இன்னும் உலவுகிறது. எனக்கு அந்தக் கதை பிடிக்காது. புதிய என்ஜின் என்பதால் பல பட்டறைகளுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நியாயம். காது பழகாத என்ஜின் அது. அதிர்வே இல்லாமல் சுற்றுவதால் அளவுக்கு மேல் ஓட்டுகிறோம் என்பதே ஓட்டுநருக்குத் தெரியாது. பின்னாளில் எச்சரிக்க ஒரு பஸ்ஸரே வைக்க வேண்டியிருந்தது. படிக்கத் தெரியாத இடத்தில் முழு என்ஜினையும் மாற்றுவதுதான் சுலபம். எத்தனையோ ரோ 80-களில் வாங்கெல் என்ஜினை எடுத்து எறிந்துவிட்டு ஃபோர்டின் வி4-ஐ வைத்தார்கள். இன்றைக்கு அந்த எறிந்த என்ஜின்களின் பாகங்களுக்காகத்தான் ரோ 80 வைத்திருப்பவர்கள் அலைகிறார்கள்.

அப்படி ஒருவர் இந்த ஊரில் எனக்குப் பழக்கம். ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். அவர் வீட்டு நிலவறையில் கழித்த ஏபெக்ஸ் சீல்கள் சிகார் பெட்டிகளில் இருக்கின்றன. ஒவ்வொரு சீலும் எந்த ரோட்டார், எந்த முனை என்ற சீட்டோடு. "பாகத்தைக் கழற்றும்போதே பேர் வைத்துவிடு. பேர் தெரியாத பாகம் எதையும் சொல்லாது" என்றார். அதன்படி முட்டை அட்டைகளில் எழுதி, ஒவ்வொரு சீலையும் அதன் ஸ்பிரிங்கோடு அதற்குரிய குழியில் வைத்தேன். அந்த வரிசைதான் பிறகு பேசியது. பின் ரோட்டாரின் சீல்களை வரிசையாக அளந்தபோது, ஒரே முனையின் சீல் மட்டும் நடுவில் அதிகமாகக் குழிந்திருந்தது தெரிந்தது. அதே முனையில் மூலையை அடைக்கும் கார்னர் சீல் கரியில் இறுகி அசையாமல் இருந்தது. கார்னர் சீல் அசையாவிட்டால் அந்த மூலையில் வாயு கசியும், சூடு ஏறும். குரோம் உரிந்ததும் அந்த ரோட்டார் சுற்றிய கூட்டில்தான். மூன்றும் ஒரே கதையின் பகுதிகள். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டியிருந்தால் மூன்று தனித்தனிப் பழுதுகளாகத் தெரிந்திருக்கும்.

இந்த என்ஜினுக்கு ஏபெக்ஸ் சீலின் புது உயரம் 8 மி.மீ., 6.5-க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்கிறது மேனுவல். என்னுடையவற்றில் பெரும்பாலானவை அந்த எல்லைக்கு மேலேதான் இருந்தன. இருந்தும் எல்லாவற்றையும் மாற்றுகிறேன். இங்கே மட்டும் அளவை மீறி முடிவெடுக்கிறேன், காரணமும் சொல்கிறேன். சீல் உடைந்தால் அந்தத் துண்டு உள்ளே சும்மா கிடக்காது. ரோட்டார் முகத்தைக் குத்தி, குரோமைக் கிழித்து, புகைவாய் வழியாக வெளியேறும். நூற்றுக்கணக்கான யூரோ சீலை மிச்சம் பிடித்து, இனி வார்க்கவே மாட்டார்களோ என்று அஞ்ச வேண்டிய ஒரு கூட்டைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எளிதாகக் கிடைக்கிற பாகத்தில் தாராளமாக இரு, கிடைக்காத பாகத்தில் பொறுமையாக இரு என்பதுதான் மேஜைமுன் நிற்கும்போது எனக்கு உதவிய ஒரே விதி.

சைட் ஹவுசிங்குகள் வார்ப்பிரும்பு. ரோட்டாரின் பக்கவாட்டில் இருக்கும் சைட் சீல்கள் இதன்மேல் உரசுகின்றன. நேர்விளிம்பு வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன். வளைவு 0.04 மி.மீ. வரை பரவாயில்லை. சைட் சீல் ஓடிய தடத்தின் படிக்கட்டை டயல் கேஜில் பார்த்தால் அதற்கான எல்லை 0.10. நடுத்தட்டில் மட்டும் எல்லையை ஒட்டி நின்றது. இதை லேப்பிங் பண்ணித் தரும் பட்டறைகள் உண்டு. ஆனால் தேய்க்கத் தேய்க்க மேலே இருக்கும் கடினப்படுத்திய தோலும் சேர்ந்து போய்விடும், மறுபடி நைட்ரைடிங் செய்ய வேண்டும். எல்லைக்குள் இருக்கும்வரை தொடாமல் விடுவது நல்லது என்று விட்டுவிட்டேன். பளபளப்பாக்கிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்தப் பளபளப்பு தோலை உரித்துப் பெறுவது.

அதைவிட முக்கியம் அந்தத் தட்டுகளின் தண்ணீர் சீல் பள்ளம். இந்தத் தலைமுறை 13பி-யில் அந்தப் பள்ளம் சைட் ஹவுசிங்கில் இருக்கிறது. பள்ளத்துக்கும் எரியும் அறைக்கும் நடுவே ஒரு மெல்லிய இரும்புச் சுவர்தான். துரு அரித்தோ, சூட்டிலோ அந்தச் சுவர் விரிசல் விட்டால் கூலன்ட் அறைக்குள் இறங்கும், காலையில் கிளப்பும்போது வெள்ளைப் புகை வரும். பித்தளைத் தூரிகையால் துலக்கி, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியோடு சுற்று முழுக்கப் பார்க்க வேண்டிய இடம். பிரித்த நாள்களிலேயே நான் மிகவும் பயந்து பார்த்த இடம் இதுதான். சுவர் முழுசாக இருந்தது.

ரோட்டார்கள் தப்பின. கரியை எடுத்தபின் முகத்தில் குத்துக்காயம் இல்லை. பின் ரோட்டாரின் பேரிங்கில் செம்பு எட்டிப் பார்த்ததால் பேரிங் மட்டும் மாறுகிறது. எக்சென்ட்ரிக் ஷாஃப்டின் ரன்அவுட் 0.12 மி.மீ. எல்லைக்குள் வெகு தாராளமாக இருந்தது.

இதையெல்லாம் அளந்துகொண்டிருந்த நாள்களில் ஃபெலிக்ஸ் வாங்கெலைப் பற்றியும் படித்துக்கொண்டிருந்தேன். 1902-ல் லாரில் பிறந்தவர், பல்கலைக்கழகம் போகாதவர், கிட்டப்பார்வையால் ஓட்டுநர் உரிமமே எடுக்காதவர். அவர் வாழ்நாள் ஆய்வு முழுவதும் உண்மையில் அடைப்பு பற்றியதுதான்: சுற்றும் உலோகத்துக்கும் நிற்கும் உலோகத்துக்கும் நடுவே வாயு கசியாமல் தடுப்பது எப்படி? அந்த அறிவு வளர்ந்தது போர்க்கால லின்டாவ் பட்டறையில், ஹிட்லரின் விமான அமைச்சகம் கொடுத்த பணத்தில். இளமையிலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர், 1940-ல் எஸ்எஸ்-இலும் இருந்தவர். 1945-ல் பிரெஞ்சுப் படை அவரைக் கைதுசெய்து பட்டறையைக் கலைத்தது. கையில் இந்தச் சீலை வைத்துக்கொண்டு வியக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு வியப்பதுதான் முறை. நாம் ஓட்டுகிற வடிவம்கூட அவர் விரும்பியது அல்ல. அவருடைய முதல் என்ஜினில் கூடும் சேர்ந்து சுற்றியது, பிளக் மாற்றவே அதைப் பிரிக்க வேண்டும். கூட்டை நிறுத்தி, ரோட்டாரை மட்டும் சுற்றவிட்டவர் என்எஸ்யூவின் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே. வாங்கெலுக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை. பட்டறையில் பிரித்துப் பூட்டக்கூடிய என்ஜினாக அதை ஆக்கியது பாஷ்கேதான் என்பதால் என் நன்றியில் பெரும்பங்கு அவருக்கு.

பின் ஹவுசிங்குக்குப் பதிலாகப் பழைய ஒன்றை வாங்கினேன். புதிதின் விலை என் வண்டியின் விலையை நெருங்குகிறது. விற்றவரிடம் முதலில் கேட்டது பிளக் துளையைச் சுற்றியுள்ள ஓரங்களின் படங்களையும், நான்கு இடங்களின் அகலத்தையும். அவர் அனுப்பிய அளவும் நான் வீட்டில் எடுத்த அளவும் ஒத்துப்போயின. கழித்த ஹவுசிங்கைப் பழைய இரும்புக்குப் போடவில்லை. பூச்சை உரித்து மறுபூச்சு போடுகிற வேலை ஐரோப்பாவில் நடக்கிறது, இன்று விலை அதிகம், நாளைக்குக் குறையலாம். ஆயில் தடவி, பிளாஸ்டிக்கில் சுற்றி, எதற்காகக் கழித்தேன் என்று அளவுகளோடு எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். இன்னொருவர் வாங்கினாலும் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது.

புது சீல்கள் வந்துவிட்டன. இனி சைட் சீல்களை அரம் போட்டு ராவ வேண்டும். ஒவ்வொன்றையும் அதனதன் கார்னர் சீலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இடைவெளி 0.05 மி.மீ. வந்ததும் நிறுத்த வேண்டும். 0.15 வரை ஏற்கும், ஆனால் தேய்ந்து பெரிதாகப் போகிற இடைவெளியைப் பெரிதாகவே தொடங்குவானேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே சத்தமான வேலை செய்யக் கூடாது. அரம் போடுவது சத்தமில்லாத வேலை, அதனால் அதை ஞாயிறுக்கு வைத்திருக்கிறேன்.